அறுந்தது ஒயர் இல்லை: ஒரு எண்டர்பிரைஸ் படகின் மாஸ்ட் பழுது, முழு விவரம்

சின்ன பாய்மரப் படகில் மாஸ்ட், அதாவது பாயைத் தாங்கும் கம்பம், சாய்ந்தால் பழி முதலில் அதை இழுத்து நிறுத்தும் ஒயர் மேல்தான் விழும். இந்தப் படகிலும் அப்படித்தான் ஆளாளுக்குச் சொன்னார்கள். கரைக்கு இழுத்து வந்து பார்த்தால் மாஸ்ட்டைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் இரண்டு ஷ்ரவுட் ஒயரும் ஒரு இழைகூட அறாமல் இருந்தன. இடப்பக்க ஒயரின் மேல் நுனியில், மாஸ்ட்டிலிருந்து பிய்ந்து வந்த ஸ்டெயின்லெஸ் பட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பட்டைக்கும் ஒன்றும் ஆகவில்லை, வளையக்கூட இல்லை. போனது அதைப் பிடித்திருந்த ரிவெட்டுகளும், அந்த ரிவெட்டுகள் உட்கார்ந்திருந்த அலுமினியமும்தான்.

ஏன் போனது, எப்படிச் சரிசெய்தோம், மற்ற பாகங்களைக் கழற்றியபோது என்னென்ன வெளியே வந்தது என்று முழுசாக எழுதி வைக்கிறேன். உப்புக்காற்றில் அலுமினிய மாஸ்ட் வைத்திருக்கிற யாருக்கும் இது வரக்கூடிய வியாதி. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதுதான் இதில் தொல்லை.

படகும் சம்பவமும்

படகு எண்டர்பிரைஸ் வகை. ஜாக் ஹோல்ட் 1956-இல் வரைந்த பிரிட்டிஷ் டிசைன், 4.04 மீட்டர் நீளம், இரண்டு பேர் ஓட்டுவது, நீலநிறப் பாய். இந்தியாவில் கிளப்புகளிலும் என்.சி.சி. கடற்படைப் பிரிவிலும் ரொம்ப நாளாகப் புழங்குகிற படகு. நானும் ஒரு நண்பரும் சேர்ந்து பழையதாக வாங்கினோம். எங்களுக்கு முன்னால் குறைந்தது இரண்டு கை மாறியிருக்கும். மாஸ்ட்டில் நடந்த பழைய வேலைகளுக்குக் கணக்கு வழக்கு எதுவும் இல்லை.

இந்த மாதிரிப் படகில் மாஸ்ட்டை நிறுத்தி வைப்பது மூன்றே ஒயர்கள்: முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. பின்பக்கம் இழுக்கத் தனி ஒயர் கிடையாது. பக்க ஒயர்களான ஷ்ரவுட்டுகள் மாஸ்ட்டுக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் படகோடு இணைவதால் அந்த வேலையையும் அவையே பார்க்கின்றன. அதனால் ஒரு ஷ்ரவுட் போனால் பாதி போனது என்று கணக்குப் போட முடியாது, மாஸ்ட் மொத்தமாக விழும்.

சம்பவம் ஜூன் மாதத்தில். சென்னையில் அந்த மாதத்தில் மேற்குக் காற்று மதியம் வரை அடித்துவிட்டு, கடற்காற்று தாமதமாக, ஆனால் ஒரேயடியாக உள்ளே வரும். துறைமுகச் சுவரில் மோதித் திரும்புகிற அலையும் சேர்ந்துகொண்டால் குட்டிக் குட்டி அலைகள் எல்லாப் பக்கமிருந்தும் படகைக் குலுக்கும், ஒவ்வொரு குலுக்கலுக்கும் மாஸ்ட் உச்சி ஒரு தடவை வெட்டி இழுக்கும். காற்று இடப்பக்கமிருந்து, அதாவது பாரம் முழுக்க இடப்பக்க ஷ்ரவுட் மேல். டப் என்று ஒரு சத்தம், மாஸ்ட் வலப்பக்கம் தண்ணீரில் கிடந்தது. யாருக்கும் அடியில்லை. பாயைச் சுருட்டி, ஒயர்களைப் படகுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு, வந்த படகு ஒன்றின் கயிற்றைப் பிடித்துக் கரை சேர்ந்தோம். சம்பவம் அவ்வளவுதான். விஷயம் எல்லாம் அதற்கப்புறம்தான்.

பட்டைக்கு அடியில்

ஷ்ரவுட்டை மாஸ்ட்டோடு சேர்க்கிற பட்டை 2 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் தகடு. அதை ஒரு எம்6 (6 மில்லிமீட்டர்) போல்ட்டும் நான்கு ரிவெட்டும் பிடித்திருந்தன. வலப்பக்கம் பிய்யாமல் இருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. அங்கே ரிவெட் தலைகள் மங்கலான மஞ்சள் சாயலோடு கெட்டியாக இருந்தன, கத்தி முனையால் சுரண்டினால் கோடு விழவில்லை. அது மோனெல், நிக்கல் மூன்றில் இரண்டு பங்கும் மீதியில் பெரும்பகுதி செம்பும் கலந்த உலோகம், மாஸ்ட் செய்கிறவர்கள் போடுவது. இடப்பக்கம் துளைகளில் மிச்சம் ஒட்டியிருந்தது வெளிர் சாம்பல் நிறம், நகத்தால் அழுத்தினாலே பொடியானது. சாதாரண அலுமினிய பாப் ரிவெட். எப்போதோ யாரோ இடப்பக்கப் பட்டையைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், கடையில் கிடைத்த ரிவெட்டைப் போட்டிருக்கிறார்கள்.

அலுமினிய மாஸ்ட்டுக்கு அலுமினிய ரிவெட், ஒரே உலோகம், இதில் என்ன தப்பு என்று கேட்கத் தோன்றும். அந்த ரிவெட் பிடித்திருந்தது ஸ்டெயின்லெஸ் பட்டையை. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டால் அது ஒரு பேட்டரி. இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கும் மேல் வித்தியாசம் இருக்கும், கரைகிறது எப்போதும் அலுமினியம்தான். இது வரைக்கும் பள்ளிக்கூடப் பாடம். அதற்கு அடுத்ததைப் பலர் கவனிப்பதில்லை: எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை இரண்டு உலோகத்தின் பரப்பளவும் சேர்ந்து முடிவு செய்கிறது. பெரிய அலுமினிய மாஸ்ட்டில் சின்ன மோனெல் ரிவெட் என்றால் கரைகிற உலோகம் ஏராளம், கரைக்கிறது கொஞ்சம், அரிப்பு பரவலாக மெதுவாக நடக்கும். பெரிய ஸ்டெயின்லெஸ் பட்டையின் நடுவே நான்கு குட்டி அலுமினிய ரிவெட் என்றால் கணக்கு தலைகீழ். மொத்த மின்னோட்டமும் அந்த நான்கு புள்ளிகளில் இறங்கும், ரிவெட்தான் முதலில் காணாமல் போகும். மோனெலுக்குப் பதில் அலுமினியம் போட்டதில் பலம் பாதிக்கும் கீழே போனது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ரிவெட்டுக்கு ஆயுளே கிடையாது என்பதுதான் பெரிய பிரச்சினை.

ரிவெட்டுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்ததும் பாரம் எல்லாம் ஒற்றை போல்ட்டுக்குப் போயிருக்கிறது. போல்ட் துளை வட்டமாக இல்லை, கீழ்நோக்கி நீண்டு முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது, ஓரங்களில் பளபளவென்று தேய்மானம். தேய்மானம் பளபளக்கிறது என்றால் பட்டை பல நாளாக ஆடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். பட்டைக்கு அடியில் மாஸ்ட் சுவரில் வெள்ளைப் பொடி, அதைத் தட்டிவிட்டுக் குத்தூசியால் அழுத்திப் பார்த்தால் துளையைச் சுற்றிய அலுமினியம் நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. வெளியே, பட்டைக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி, அதே மாஸ்ட் புத்தம்புதிதாக மின்னியது. அலுமினியத்தைக் காக்கும் ஆனோடைஸ் பூச்சு இருக்கிற இடம் அது. அந்தப் பூச்சு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு கனம்தான், டிரில் போட்ட துளையின் உள்ளோரத்தில் அது அறவே கிடையாது. தண்ணீர் அங்கேதான் போய் உட்காருகிறது.

உட்காருகிறது என்று சும்மா சொல்லவில்லை. சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். சென்னைக் கடற்கரையில் இரவு நேரத்தில் அந்த அளவைத் தாண்டாத நாட்கள் குறைவு. படகு வாரத்தில் சில மணி நேரம் கடலில் இருக்கிறது, மீதி நேரமெல்லாம் டிராலியில் நிற்கிறது. பட்டைக்கு அடியில் சேர்ந்த உப்பு தினமும் ராத்திரி நனைகிறது, பகலில் காய்கிறது, மறுபடி நனைகிறது. தார்ப்பாய் போட்டு மூடிவைத்தால் பகலில்கூடக் காய்வதில்லை. ஓட்டாமல் வைத்திருந்தால் படகு பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். ஓட்டும்போது விழுந்தது என்பது தற்செயல், அரிப்பு நடந்தது நிறுத்தி வைத்திருந்தபோது.

பாரத்தையும் பார்த்துவிடுவோம். ஷ்ரவுட் 3 மில்லிமீட்டர் ஒயர், 19 தனி இழை கொண்ட முறுக்கு. அறுபடும் பாரம் சுமார் 700 கிலோ. நல்ல காற்றில் இந்த அளவுப் படகில் ஷ்ரவுட்டில் வருவது அதில் ஒரு பகுதிதான். அப்புறம் ஏன் எல்லோரும் ஒயரையே தடிமனாக்கப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. 4 மில்லிமீட்டர் ஒயர் போட்டிருந்தாலும் இந்த மாஸ்ட் அன்றைக்கு விழுந்திருக்கும், கூடுதல் எடையோடு.

மொத்தமாகக் கழற்றினோம்

பிய்ந்த பட்டையை மட்டும் திரும்ப மாட்டுவதில் அர்த்தமில்லை. ஒரு பட்டைக்கு அடியில் இப்படி என்றால் மற்றவற்றுக்கு அடியில் என்ன என்று பார்த்தே ஆகவேண்டும். மாஸ்ட்டை இரண்டு மர ஸ்டாண்டின் மேல் படுக்க வைத்து, ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போட்டோ எடுத்து, உச்சியிலிருந்து அதன் தூரத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொண்டோம். இந்த அளவு இல்லாமல் கழற்றினால் திரும்ப மாட்டும்போது நிச்சயம் சண்டை வரும்.

ரிவெட் கழற்றுவது எளிது என்பார்கள். ரிவெட்டின் நடுவில் மிச்சமிருக்கும் இரும்புக் குச்சியை முதலில் சென்டர் பஞ்சால் உள்ளே தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் டிரில் பிட் அதன் மேல் வழுக்கி மாஸ்ட்டைக் கீறும். அதற்கப்புறம் ரிவெட் கால் அளவே உள்ள பிட்டால் தலையை மட்டும் எடுத்தால் போதும், துளையைப் பெரிதாக்கக் கூடாது. தலை பிட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தால் சின்ன ஸ்க்ரூ டிரைவரை அடியில் சொருகிப் பிடிக்க வேண்டும். உள்ளே விழுந்த துண்டுகள் மாஸ்ட்டுக்குள் கலகலவென்று உருளும், அடிப்பக்க அடைப்பானைக் கழற்றிச் சாய்த்துக் கொட்டிவிடுவது நல்லது. அப்படியே விட்டால் அந்த இரும்புத் துண்டுகள் உள்ளேயே துருப்பிடித்து இன்னொரு பேட்டரியாகும்.

போல்ட்டுகள் வேறு கதை. ஸ்டெயின்லெஸ் போல்ட் அலுமினியத்தில் பல வருஷம் இருந்தால், அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொடிக்கு மூல அலுமினியத்தைவிட இடம் அதிகம் வேண்டும் என்பதால், இறுகிப் பிடித்துக்கொள்ளும். முறுக்கினால் போல்ட் தலை போகும். கேஸ் டார்ச்சால் சூடாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது, நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாஸ்ட் அலுமினியம் சூட்டுப் பதம் கொடுத்துப் பலமாக்கியது, சுமார் 200 டிகிரியைத் தாண்டிக் கொஞ்ச நேரம் போனாலே அந்தப் பதம் இறங்க ஆரம்பிக்கும், டார்ச் முனையில் எத்தனை டிகிரி என்று கையில் பிடித்திருக்கிறவருக்குத் தெரியாது. கெட்டிலில் கொதிக்கும் தண்ணீர் போதும். அலுமினியம் ஸ்டெயின்லெஸ்ஸைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும், அதனால் துளை கொஞ்சம் இளகும், கூடவே உப்பும் கரையும். இரண்டு மூன்று கெட்டில் ஊற்றி, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விட்டு, மறுநாள் இம்பாக்ட் டிரைவரால் ஒரு தட்டு. பெரும்பாலும் வந்துவிட்டது. வராத ஒன்றை டிரில் போட்டு எடுத்தோம்.

வெளியே வந்தவை: மாஸ்ட்டின் நடுவில் ஷ்ரவுட்டைத் தள்ளிப்பிடிக்கும் ஸ்ப்ரெடர்களின் பிராக்கெட்டில் ஒரு ஓரத்தில் முடி அளவு விரிசல், மெழுகு பென்சிலால் தேய்த்துத் துடைத்தபோதுதான் கோடாகத் தெரிந்தது. பாயை ஏற்றி இறக்கும் ஒயரான ஹாலியார்ட் ஓடும் உச்சிக் கப்பியின் பிளாஸ்டிக் சக்கரத்தில் ஒயர் வெட்டிய ஆழமான பள்ளம். சக்கரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே ஒயர் நழுவி விழும் அளவு இடைவெளி. பாயின் அடிப்பக்கக் குறுக்குக் கம்பமான பூம் மாஸ்ட்டோடு இணையும் கூஸ்நெக் பரவாயில்லை, பின் மட்டும் தேய்ந்திருந்தது. மோசமானது அடிப்பாகம். மாஸ்ட் அடியில் தண்ணீர் வடியும் துளை மணலும் பழைய சீலன்ட்டும் சேர்ந்து அடைத்திருந்தது, உள்ளே ஒரு கைப்பிடி ஈரமான உப்பும் வெள்ளைப் பொடியும். சுவர் இன்னும் தாங்கும் கனத்தில் இருந்ததால் தப்பித்தது.

வெல்டிங் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம்

காசிமேடு பக்கம் ஒரு பட்டறையில் அலுமினிய வேலை நன்றாகச் செய்வார்கள். மாஸ்ட்டைத் தூக்கிக்கொண்டு போனோம். பட்டறைக்காரர் துளையை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னா தம்பி, இதுக்குப் போயா இவ்ளோ யோசிக்கிற? ஓட்டைய ஆர்கான் வெல்டிங் வச்சு அடைச்சிட்டு மேலயே புதுசா ஓட்டை போட்டுக்கலாம். அஞ்சு நிமிஷ வேல."

"அண்ணே, வெல்டிங் நல்லாத்தான் பிடிக்கும். பக்கத்துல சூடு ஏறின இடம் மெத்துனு ஆயிடும்ணே."

"மெத்துனு எப்புடி ஆவும்? நான் அடிச்ச டேங்க்கு எத்தினி போட்ல ஓடுது தெரியுமா?"

அவர் சொன்னது பொய்யில்லை. டேங்க்குக்கு அது சரி, அங்கே கசியாமல் இருந்தால் போதும், தகடும் வேறு ரகம். மாஸ்ட்டுக்கு உபயோகிக்கிற 6000 வரிசை அலுமினியம் வெல்டிங் சூட்டில் அந்த இடத்தைச் சுற்றிப் பலத்தில் பெரும்பங்கை இழக்கும், மறுபடி முழு மாஸ்ட்டையும் சூட்டுப் பதத்துக்கு அனுப்பினால்தான் திரும்பும். ஷ்ரவுட் இழுக்கிற அதே உயரத்தில், மாஸ்ட் வளைகிற அதே இடத்தில் ஒரு மெத்தென்ற வளையத்தை உண்டாக்கி வைத்தால், அடுத்த தடவை பட்டை பிய்யாது, மாஸ்ட்டே அங்கே மடங்கும். இதைச் சொன்னதும் அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் மேலே ஒரு தகடு போட்டு ரிவெட் அடி என்றார். நாங்களும் அந்த முடிவோடுதான் போயிருந்தோம். தகட்டுக்கு அவரே நல்ல வழி காட்டினார்: உடைந்துபோன பழைய மாஸ்ட் துண்டு ஒன்று ஒரு மூலையில் கிடந்தது, ஏறக்குறைய அதே வளைவு. அதை நீளவாக்கில் அறுத்து, லேசாக விரித்தால் எங்கள் மாஸ்ட்டின் மேல் கச்சிதமாகக் கவ்விப் பிடிக்கும். புதுத் தகட்டைச் சுத்தியால் தட்டித் தட்டி வளைப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

துளையைப் பெரிதாக்கி எம்8 போல்ட் போடுவது இன்னொரு யோசனையாக இருந்தது. நல்ல உலோகம் குறையும், ஸ்டெயின்லெஸ் கூடும். பலப்படுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு பேட்டரியைப் பெரிதாக்குவது அது. அதைப் பேச்சோடு விட்டோம்.

சாமான் வாங்குவது

பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் நட்டு போல்ட்டு கிடைக்காது என்று யாரும் சொல்ல முடியாது. எந்த ஸ்டெயின்லெஸ் என்பதுதான் கேள்வி. கடலுக்கு வேண்டியது 316, அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, உப்பில் இருக்கும் குளோரைடு குழி போடுவதை அதுதான் தடுக்கிறது. 304-இல் அது கிடையாது. இங்கே 202 என்று மாங்கனீஸ் அதிகமான மலிவு ரகமும் புழங்குகிறது, பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டுவார், ஒட்டவில்லை பாருங்க, ஒரிஜினல் என்பார். காந்தத்தால் இதைக் கண்டுபிடிக்க முடியாது: மூன்றுமே பொதுவாக ஒட்டாது, வளைத்து அழுத்திச் செய்த இடங்களில் 304 லேசாக ஒட்டவும் செய்யும். போல்ட் தலையில் என்ன முத்திரை என்று பார்ப்பதே வழி. ஏ2 என்றால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. முத்திரையே இல்லாததை வாங்க வேண்டாம். தகடு வாங்கும்போது முத்திரை கிடையாது என்பதால் மாலி டெஸ்ட் கேட்கலாம், ஸ்கிராப் வியாபாரிகளிடம் இருக்கும் சின்ன பாட்டில், ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் மாலிப்டினம் இருந்தால் நிறம் மாறும்.

ஒயரிலும் ஒரு சிக்கல். துறைமுகப் பக்கக் கடைகளில் 3 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஒயர் கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது 7க்கு 19 முறுக்கு, அதாவது நிறைய மெல்லிய இழைகள், கையில் துவளும். கப்பியில் ஓடுகிற ஹாலியார்டுக்கு அது சரியான ஒயர். ஷ்ரவுட்டுக்கு வேண்டியது 19 தடித்த இழைகளால் ஆன விறைப்பான ஒயர், இழுத்தால் குறைவாக நீளும். "ரெண்டும் த்ரீ எம்எம்தான் சார்" என்ற பதிலுக்கு மயங்கக் கூடாது.

எங்கள் பழைய ஷ்ரவுட்டுகளையே திரும்ப மாட்டலாமா என்று பார்த்தோம். அறவில்லை என்பதற்காக நல்லது என்று ஆகிவிடாது. டிஷ்யூ பேப்பரை ஒயரைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே உருவினோம். கீழ் முனையில், ஒயரை அமுக்கிப் பிடித்திருக்கும் குழாய்க்குப் பக்கத்தில், பேப்பர் சிக்கிக் கிழிந்தது. ஒரு இழை வெடித்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது, கூடவே காப்பி நிறத்தில் கறை. ஸ்டெயின்லெஸ்ஸுக்குத் துருப்பிடிக்காத தோல் உண்டாக ஆக்சிஜன் வேண்டும், குழாய்க்குள் தேங்கிய உப்புத் தண்ணீரில் அது கிடைப்பதில்லை. இதே காரணத்துக்காகத்தான் ஒயர் முனைகளில் டேப்பை இறுக்கிச் சுற்றி அழகு பார்ப்பது எனக்குப் பிடிக்காது. இரண்டு ஷ்ரவுட்டும் புதிதாகச் செய்தோம், பழைய ஒயரோடு ஒரே ஆணியில் மாட்டி ஒரே இழுப்பில் வைத்து நீளம் சரிபார்த்து.

மோனெல் ரிவெட் மட்டும் இங்கே தேடிக் கிடைக்கவில்லை, வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் பையில் வாங்கி வந்தார். இன்னொரு விஷயம், 4.8 மில்லிமீட்டர் மோனெல் ரிவெட்டை சாதாரணக் கை ரிவெட்டரால் அடிக்க முடியாது. மணிக்கட்டு போகும், ரிவெட் பாதியில் நிற்கும். நீளக் கைப்பிடி உள்ளது வேண்டும், பட்டறையிலிருந்து இரவல் வாங்கினோம்.

திரும்ப மாட்டியது

அரித்த இடத்தை நல்ல உலோகம் தெரியும் வரை அரம் போட்டோம், கூர் முனை எங்கும் விடவில்லை, விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். மேலே வரும் கவசத் தகட்டின் மூலைகளையும் உருட்டிவிட்டோம். அலுமினியம் தேய்த்த சில நிமிஷத்திலேயே காற்றில் புது ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்ளும், அதன்மேல் எபாக்சி ஒட்டினால் பிறகு உரிந்துவிடும். அதனால் எபாக்சியைத் தடவி, அந்த ஈரத்தோடே உப்புத்தாளால் தேய்த்து, உலோகத்துக்குக் காற்றுப் படாமலே பசை பிடிக்க வைத்தோம். கை எல்லாம் சாம்பல் நிறக் கூழ். அசிங்கமான வேலைதான், ஆனால் கவசம் நிற்பது இதில்தான்.

ரிவெட்டுகளை ஒரே வரிசையில் போடவில்லை. மாஸ்ட்டைச் சுற்றி ஒரே மட்டத்தில் துளைகள் வந்தால் தபால்தலை ஓரம் கிழிகிற கோடு அது. மேலும் கீழுமாக மாற்றி மாற்றி, ஓரத்திலிருந்து ரிவெட் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது உள்ளே தள்ளித் துளை போட்டோம். ஒவ்வொரு ரிவெட்டையும் அடிப்பதற்கு முன், இரண்டு உலோகமும் தொடாமல் பிரித்து வைக்கும் பசையில் முக்கினோம். கப்பல் வேலைக்கு விற்கும் குரோமேட் பசை இதற்கென்றே இருக்கிறது, மஞ்சளாக ஒட்டும், நச்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அது கிடைக்காத இடத்தில், ஒன்றும் இல்லாததற்கு லனோலின் கிரீஸ் பரவாயில்லை, ஆனால் வருஷா வருஷம் திரும்பப் போட வேண்டும்.

பட்டைக்கும் மாஸ்ட்டுக்கும் நடுவே தகடு தகட்டைத் தொடாமல் இருக்க, பழைய ஓஎச்பி ஷீட்டை, அதாவது வகுப்பில் புரொஜெக்டர் மேல் வைக்கிற ஒளிபுகும் தாளை, வெட்டி வைத்தோம். பாலியெஸ்டர், தண்ணீர் குடிக்காது, மெல்லியது, நசுங்காது. இப்போதெல்லாம் யாருக்கும் வேண்டாத பொருள் என்பதால் எந்த காலேஜ் வாத்தியார் வீட்டிலும் கட்டாகக் கிடைக்கும். போல்ட்டின் தண்டுக்கு எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கிய ஹீட் ஷ்ரிங்க் குழாய், சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக். மாஸ்ட் உள்ளே காலியாக இருப்பதால், குறுக்கே போகும் போல்ட்டை இறுக்கினால் இரண்டு சுவரும் உள்ளே நசுங்கும். போல்ட்டைச் சுற்றி மாஸ்ட்டின் உள் அகலத்துக்குச் சரியாக வெட்டிய குழாய் ஒன்றைக் கொடுத்தோம், பழையதில் அது இல்லை. நைலான் வளையம் வைத்த நட்டை மெதுவாக, பசை தடவித்தான் முறுக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக முறுக்கினால் மரையும் மரையும் கடித்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க முடியும்.

வலப்பக்கப் பட்டை நன்றாக இருந்தாலும் அதையும் கழற்றி அதே மாதிரிக் கவசம், அதே மாதிரி ஷீட். இரண்டு பக்கமும் இழுப்பில் ஒரேபோல நடந்துகொள்ள வேண்டும். விரிசல் விட்ட ஸ்ப்ரெடர் பிராக்கெட்டுக்குப் புதியது. ஸ்ப்ரெடரின் நுனி ஷ்ரவுட்டைத் தொடும் இடத்தில் மேல் கீழ் கோணம் இரண்டும் சமமாக வரும்படி லேசாக மேல்நோக்கி வைத்தோம், கீழ்நோக்கித் தொங்கினால் பாரம் ஏறும்போது நுனி வழுக்கி இறங்கிவிடும். கப்பிச் சக்கரம் மாற்றினோம். அடித் துளையைச் சுத்தம் செய்து கொஞ்சம் பெரிதாக்கினோம். ஒயர் முனைகளைப் பூட்டும் கிளெவிஸ் பின்களில் அவை நழுவாமல் இருக்கப் புது ஸ்பிளிட் பின்கள், கால்களைச் சுருட்டாமல் கொஞ்சமாக விரித்து மட்டும் விட்டோம். சுருட்டி வைத்தால் அவசரத்தில் கழற்ற வராது.

மாஸ்ட் ஏறியதும் மெயின் ஹாலியார்டில் டேப்பைக் கட்டி உச்சிக்கு ஏற்றி, பின்பலகையின் நடு மேல்விளிம்பு வரை அளந்தோம். மாஸ்ட் பின்னால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதற்கு அதுதான் கணக்கு. அப்படியே ஷ்ரவுட்டுகள் படகோடு இணைகிற இரண்டு பக்கச் செயின்பிளேட்டுக்கும் அளந்தால் நட்டுக்குத்தாக நிற்கிறதா என்று தெரிந்துவிடும். முன்பு இடப்பக்கம் நீண்டிருந்த பட்டைத் துளையால் மாஸ்ட் எப்போதும் வலப்பக்கம் ஒரு சாய்வில் நின்றது, ஒரு பக்கம் ஓடும்போது படகு நன்றாகப் போகிறது, மறுபக்கம் ஏதோ மந்தம் என்று நாங்கள் பாயைக் குறைசொல்லிக்கொண்டிருந்தது அதனால்தான்.

இழுப்பு அளக்கக் கேஜ் வாங்கலாம், விலை அதிகம். 19 இழை ஒயருக்கு ஒரு பழைய வழி இருக்கிறது: ஒயர் தளர்வாக இருக்கும்போது இரண்டு மீட்டர் நீளக் கம்பியை அதன் பக்கத்தில் வைத்து மேல் நுனியை டேப்பால் ஒட்டி, கீழ் நுனி நிற்கும் இடத்தில் ஒயரில் குறி போட்டுக்கொள்ள வேண்டும். ஒயரை இழுக்க இழுக்கக் குறி கம்பி நுனியிலிருந்து விலகும். ஒரு மில்லிமீட்டர் விலகினால் அறுபடும் பாரத்தில் 5 சதவீதம் ஏறியிருக்கிறது. எங்கள் ஒயருக்கு மில்லிமீட்டருக்கு 35 கிலோ. வெர்னியர் காலிப்பர் இருந்தால் இது போதும்.

அதற்குப் பிறகு

ஓட்டிவிட்டு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தத் தண்ணீர் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சென்னையில் கடலோரம் போர்வெல் தண்ணீரே உப்பு. வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் உள்ளே வந்தது ஊரறிந்த விஷயம். ஆர்ஓ மெஷினுக்காக வீட்டில் வாங்கிய, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரைக் கொண்டுபோய் நாங்கள் கழுவுகிற குழாயில் வைத்தபோது எண் ஆயிரங்களில் நின்றது. இப்போது மாஸ்ட்டுக்கு மட்டும் கேனில் மெட்ரோ வாட்டர். ஷ்ரவுட் பட்டை, ஸ்ப்ரெடர் பிராக்கெட், அடித் துளை, இந்த இடங்களில் பம்ப் ஸ்பிரேயரால் உள்ளே அடித்தால் இரண்டு லிட்டர் போதும்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு இடப்பக்க போல்ட்டை ஒரு தடவை உருவிப் பார்த்தோம். ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஒரு ஓரத்தில் கிழிந்திருந்தது, போல்ட் துளை வட்டமாக, ஓரத்தில் பொடி இல்லாமல் இருந்தது. கிழிந்த குழாய்க்குப் பதில் கொஞ்சம் தடித்த அசிட்டால் (கெட்டியான பிளாஸ்டிக்) புஷ் கடைசல் போட்டு மாட்டினோம். அடிப்பாகத்தில் ஒரு ரிவெட்டைச் சுற்றி வெள்ளை லேசாகத் தெரிகிறது. அது பழைய ரிவெட், நாங்கள் தொடாதது, இந்த சீசன் முடிந்ததும் மாற்ற வேண்டும். படகு பக்கத்துச் செயின்பிளேட் போல்ட்டுகள் இன்னும் பாக்கி. அவற்றுக்குப் பின்னால் உள்ள மரக்கட்டையில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று சுத்தியால் தட்டிப் பார்த்ததில் வலப்பக்கம் கணீரென்று கேட்கிறது, இடப்பக்கம் சத்தம் கொஞ்சம் அமுங்கி இருக்கிறது. அதைத் திறக்க டெக்கில் ஒரு ஓட்டை போட வேண்டும், அடுத்த வேலை அதுதான்.